விளாங்குடிக்கு ஓர் அறுபதடி ரோடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை. மதுரை விளாங்குடிக்குப் பின்பக்கம், இன்னும் வராத ஒரு ரோட்டில் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம்.

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். வராத ரோடு. மேப்பில் மட்டும் இருக்கிற ரோடு. கையில் சுருட்டிய மேப், தலையில் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை... இந்தக் கோலத்தில் ஏழெட்டுப் பேர் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிற பொட்டலில் எதையோ தேடிக்கொண்டு போனால், தெருநாய்கள் சும்மா இருக்குமா? முன்னும் பின்னும் குரைத்துக்கொண்டே வந்தன.

"பாத்தீங்களாண்ணே, வராத ரோட்டுக்கு இப்பவே எதிர்ப்பு கிளம்பிருச்சு" என்றார் பால்பாண்டி.

எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு வீட்டு கேட்டின் முன்னால் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அதற்கு முன்னால், நாங்கள் யார், அங்கே எதற்குப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மதுரையின் மாஸ்டர் பிளானைப் புதுப்பிக்கிறார்கள். அடுத்த இருபது வருஷத்துக்கு எங்கே வீடு, எங்கே வயல், எந்தப் பக்கம் ரோடு என்பதையெல்லாம் இப்போதே வரைந்து வைக்கிற வேலை. அதிகாரிகள் மட்டும் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வரைந்தால் போதாது, ஊர்க்காரர்களும் வேண்டும் என்று பகுதிக்கு ஒரு குடிமக்கள் குழு. எங்கள் பகுதிக் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். வாராவாரம் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். பாவம், அவர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை போலிருக்கிறது.

கடலோரத்து ஊர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் கடல்... அந்தப் பக்கம் யாரும் பிளாட் போட முடியாது. மதுரைக்கு எந்தப் பக்கம் தடுப்பு? வரப்பை வெட்டிக் கல்லை நட்டு, கலர் கொடி கட்டினால் அது ஒரு நகர். பிளானின் எல்லைக் கோட்டை முதல் கூட்டத்தில் பார்த்த பால்பாண்டி, "இப்புடியே போனா அம்புட்டுத் தூரத்துல இருக்குற கொட்டாம்பட்டிக்காரனும் நான் மதுரை டவுனுன்னு சொல்லிருவான்" என்றார். பால்பாண்டிக்குப் பூர்வீகம் விவசாயம். இப்போது ஹார்டுவேர் கடை. மிச்சமிருப்பது ஒரு தென்னந்தோப்பு.

அந்தக் கூட்டத்தில் இன்னொருவரும் பேசினார். ஸ்டெல்லா டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேச மாட்டார். ஆனால், அவர் பேச ஆரம்பித்தால் நாற்காலி நகர்த்துகிற சத்தம்கூட நின்றுவிடும்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். இந்தக் குழுவுல யாரும் அவங்கவங்க சொந்த வீட்டப் பத்தியோ சொந்த நிலத்தப் பத்தியோ பேசக் கூடாதுன்னு வெச்சுக்கிருவோமா? இல்லன்னா ஊருக்குப் பிளான் போட முடியாது. நம்ம வீட்டுக்குத்தான் காம்பவுண்டு போட முடியும்."

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். இப்படிப்பட்ட விதிகளுக்குக் கைதட்டுவது ரொம்பச் சுலபம் இல்லையா?

விதி எப்படிக் காற்றில் பறந்தது என்று கேளுங்கள். அடுத்தடுத்த கூட்டங்களில் ரோடு விவகாரம் வந்தது. திண்டுக்கல் ரோட்டு நெரிசலைக் குறைக்கப் பின்பக்கமாக ஓர் அறுபதடி இணைப்பு ரோடு வேண்டும். வேண்டும் என்பதில் ஒருவருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. எந்த வழியாக? பிளானர் நிவேதா — சின்னப் பெண்தான், எங்கள் எல்லோரையும்விடப் பொறுமைசாலி — மேப்பின் மேல் ட்ரேசிங் ஷீட்டை விரித்து ஸ்கெட்ச் பேனாவைத் திறந்தார். முதல் கோடு ஒரு காலனியின் மெயின் தெரு வழியாகப் போனது.

காலனிச் சங்கச் செயலாளர் சேகர் எழுந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல மேடம். எங்க தெருக்காரங்கதான் ரொம்ப ஃபீல் பண்ணுவாங்க."

சேகருக்காகக் கோடு கொஞ்சம் வளைந்தது. வளைந்த இடத்தில் தென்னந்தோப்பு.

"நான் என் தோப்பப் பத்திப் பேசலண்ணே. பொதுவா, தென்ன மரத்தப் பத்திப் பேசுறேன். சுற்றுச்சூழலு!" என்றார் பால்பாண்டி. அவ்வளவு நாளும் அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே கிடையாது.

மறுபடி வளைந்தது. ஒருவருக்குக் கோயில் ஞாபகம் வந்தது. இன்னொருவருக்கு நிலத்தடி நீர். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். என்ன, ஒவ்வொரு காரணத்துக்குப் பின்னாலும் அதைச் சொன்னவரின் வீடு இருந்தது. மதுரைக்காரர்களிடம் ஒரு குணம்... முகத்துக்கு நேரே ஒருவரை நோகடிக்க மாட்டோம். டீயும் வடையும் பகிர்ந்து சாப்பிட்ட பிறகு, "உங்கள் தோப்பு போகட்டும்" என்று எப்படிச் சொல்வது? ஆகவே யார் என்ன சொன்னாலும், "அதுவும் சரிதானே" என்று கோட்டைத் தள்ளினோம். தள்ளித் தள்ளி, கடைசியில் மேப்பில் ஒன்றுமே இல்லாத ஒரு வெள்ளை இடத்தில் அது போய் விழுந்தது.

"அங்க யாருக்கும் ஆட்சேபனை இல்லையே?" என்று கேட்டார் நிவேதா.

ஒருவருக்கும் இல்லை. எனக்கு அந்தப் பக்கம் வீடும் இல்லை, நிலமும் இல்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை. எல்லோரோடும் சேர்ந்து கையைத் தூக்கினேன். எங்கள் குழுவின் முதல் ஏகமனதான முடிவு! அன்று வடை இன்னும் மொறுமொறுப்பாக இருந்ததாக ஞாபகம்.

அந்த வெள்ளை இடத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கப் போனோம். ஸ்டெல்லா டீச்சர் வரவில்லை. காலையில் பூசைக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

பொட்டலைத் தாண்டினோம். நிவேதா போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டே முன்னால் போனவர், சட்டென்று நின்றார். கோடு போகிற இடத்தில் ஒரு வீடு இருந்தது. சின்ன வீடு, புது வீடு. எங்கள் மேப்புக்கு அடியில் இருந்த படம் சில வருஷங்களுக்கு முன்னால் சாட்டிலைட்டில் எடுத்தது. அப்போது இந்த வீடு கட்டப்படவில்லை. படத்தில் அது வெறும் மண்.

கேட்டில் பெயர்ப் பலகை. ஸ்டெல்லா டீச்சரின் பெயர்.

நாய்கள் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தன. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வயதான ஓர் அம்மாள் வந்தார். கதவிலிருந்து கேட் வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி ஓடியது. அதை ஒரு கையால் தொட்டபடி, வழக்கமாக நடக்கிற நடையில் வந்தார். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது... அவருக்குப் பார்வை இல்லை.

"யாரு? ஸ்டெல்லா கோயிலுக்குப் போயிருக்கு. இந்தா வந்துரும். உள்ள வந்து உக்காருங்க."

டீச்சரின் அக்கா, ரீத்தா. உள்ளே போனோம். வீட்டில் எந்த அறைக்கும் நிலைப்படி கிடையாது. சுவர் முனைகள் எல்லாம் மழுங்கலாகப் பூசப்பட்டிருந்தன. கூடம், அடுப்படி, பாத்ரூம்... எல்லா இடத்துக்கும் அந்தக் கம்பி கூடவே போனது. ரீத்தா அக்கா தானே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஆளுக்கொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

"பழைய வீட்டுல எதுக்கெடுத்தாலும் அவளக் கூப்புடணும். படியில எம்புட்டுத் தடவ விழுந்திருப்பேன்! இந்த வீட்டப் பழகுறதுக்கும் ரொம்ப நாளாச்சு. இப்ப நான் பாட்டுக்கு நடந்துக்கிருவேன்" என்றார் சிரித்துக்கொண்டே. யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்த மாதிரி சொன்னார். பால்பாண்டி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

டீச்சர் வந்துவிட்டார். கையில் ஜெபப் புத்தகம், தலையில் முக்காடு. எங்களைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "காபி போடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி அவரைக் கேட்டுக்கு வெளியே அழைத்துக்கொண்டு வந்தோம். அக்காவின் காதில் விழ வேண்டாமே.

"டீச்சர், கோடு உங்க வீட்டு மேல போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் சார். அன்னைக்கே பாத்துட்டேன்."

"கோடு வந்தா புதுசா ஒரு ரூம் கட்டக்கூட அப்ரூவல் கிடைக்காது மேடம். ரோடு எப்ப வேணும்னாலும் வரலாம். இடிக்கவும் செய்யலாம்" என்றார் நிவேதா.

சேகர் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். "ரோடு வர்றதுக்கு இருவது வருஷமாயிரும் டீச்சர். இப்ப என்ன அவசரம்?"

"எங்க அக்கா இன்னும் இருவது வருஷம் இருப்பாங்கன்னு சொல்றீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர். சிரிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பால்பாண்டிக்குத் தாங்கவில்லை. கோபமாகவே கேட்டார். "ஏன் டீச்சர் அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லல? நாங்கள்லாம் என்ன மிருகமா?"

டீச்சர் தலையிலிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்:

"நம்ம வீட்டப் பத்தி நாமளே பேசக் கூடாதுன்னுதான் சொன்னேன் தம்பி. அடுத்தவங்க வீட்டப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொல்லலயே. யாராவது ஒருத்தர், அந்த இடத்துல என்ன இருக்குன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. அங்கிருந்து திரும்பி நடக்கும்போது நாய்கள் குரைத்தனவா இல்லையா என்றுகூடக் கவனிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். திருநகர் மாதிரி, முதலிலேயே திட்டம் போட்டுத் தெருவை அமைத்துவிட்டு அப்புறம் வீடு கட்டிய இடம் நமக்கு எத்தனை இருக்கிறது? பெரும்பாலும் வீடுதான் முதலில், தெரு பிறகு. அதனால் ஒரு புது ரோடு வந்தால் யாராவது எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். யார் என்பதை எப்படித் தீர்மானிக்கிறோம்? போக்குவரத்துக் கணக்கா? என்ஜினியரிங்கா? இல்லை... யார் முனகுகிறாரோ அவரைச் சுற்றி வளைந்து போகிறோம். ரோடு கடைசியில் போய்ச் சேருவது பேசாதவர் வீட்டுக்குத்தான். பேசாதவர்களில் ரோட்டைப் பற்றிக் கவலையே இல்லாதவரும் இருப்பார், நாகரிகம் கருதி வாயை மூடிக்கொண்டவரும் இருப்பார். மேப்பில் இரண்டு பேரும் ஒரே வெள்ளை.

அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. தன் வீட்டுக்காகப் பேசுகிறவரைக்கூட மன்னித்துவிடலாம். பயம், யாருக்குத்தான் இல்லை? ஆனால், என்னை மாதிரி இழப்பதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவன்தான் அங்கே தாராளமாகப் பேசியிருக்க முடியும். பேசினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். குடிமக்கள் குழு என்று ஒன்று வைத்ததே அதற்குத்தானே? எனக்குச் சம்பந்தமில்லை என்று நான் நினைத்த இடம்தான் என் நாற்காலிக்கான இடம்!

புதன்கிழமை அவசரக் கூட்டம் போட்டோம். தான் இருந்தால் மற்றவர்கள் மனம் விட்டுப் பேச மாட்டார்கள் என்று டீச்சர் வரவில்லை. இந்தத் தடவை எல்லோரும் அவருக்காகப் பேசினார்கள். சேகர் பேசினார். பால்பாண்டி மேசையைத் தட்டியே பேசினார். நானும் ரொம்ப நேரம் பேசினேன். கோட்டை அழித்தோம். டீச்சர் வீட்டைத் தாண்டி ஓடுகிற வாய்க்காலுக்கு அந்தப் பக்கமாக நகர்த்தினோம். கைகள் உயர்ந்தன. மறுபடியும் ஏகமனது. நிவேதா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, எங்கள் உற்சாகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நல்ல செய்தியை நேரிலேயே சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் காபி போட உள்ளே போனார். இவ்வளவு நாளும் ஒரு வார்த்தை சொல்லாமல் இதைச் சுமந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ரீத்தா அக்கா கம்பியைப் பிடித்தபடி வந்து என் எதிரே உட்கார்ந்தார். வீட்டின் மேல் கோடு போன விஷயத்தை டீச்சர் முந்தின நாள்தான் அவரிடம் சொல்லியிருந்தாராம். நான் இப்போது சொன்னதும் உள்ளே அவர் காதில் விழுந்திருக்கிறது.

"ரோட்ட மாத்திட்டீங்களாமே, ரொம்பச் சந்தோசம் தம்பி."

"ஆமாக்கா. இனிமே இந்தப் பக்கமே வராது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போயிருச்சு."

அவர் முகம் மலர்ந்தது. அப்புறம், ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்:

"அங்க யாரு வீடு இருக்கு?"

காபி வந்துவிட்டது. மேப்பில் அந்த இடமும் வெள்ளையாகத்தான் இருந்தது.

இந்த ஞாயிறு மறுபடியும் நடக்கிறோம்... இந்தத் தடவை ஒவ்வொரு கேட்டையும் தட்டிக்கொண்டு.