அத்தாவின் குதிரையைக் காப்பாற்றியது நான்தான்

முடிச்சூரில் மூன்று மாடி வீடு கட்டியவன் நான். வெள்ளம் வந்த வருஷம் அக்கம்பக்கத்து பிளாட்காரர்கள் எல்லாம் என் மொட்டைமாடியில்தான் படுத்தார்கள். மறைமலை நகரில் சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். என்ஜினியரிங் படித்த பையன்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் மெஷினில் கை வைப்பான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி ஓட்டினார். எனக்கு எட்டு வயதாகும்போது அவருக்கு மூச்சிழுப்பு முற்றிப்போனது. குதிரையைத் தேய்த்தால் பறக்கிற முடியும், காய்ந்த புல்லின் தூசியும்தான் காரணம், விற்றுவிடு என்றார் டாக்டர்.

"வித்துட்டா வண்டிய யாரு இழுக்கிறது? எனக்கு என் மூச்ச இழுக்கவே ஆள் வேணும்" என்றார் அத்தா.

அம்மா சிரிக்கவில்லை. "நீ ஓட்டு, போதும். மத்தத பசங்க பாக்கட்டும்" என்றாள்.

முதலில் அண்ணனைத்தான் விட்டார்கள். ஒரே நாளில் அவனுக்கும் கண் வீங்கி, நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. குதிரை என் கைக்கு வந்தது.

வாசலில் கட்டியிருந்ததைக் கொல்லைக்கு மாற்றினேன். தூசி கிளம்பாமல் இருக்கப் புல்லைத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் போட்டேன். குதிரை மூக்கைத் திருப்பிக்கொண்டது. கொள்ளு வேகவைத்த தண்ணீரைத் தெளித்துக் கொடுத்துப் பார்த்தேன், தின்றது. அது என் யோசனை, யாரும் சொல்லித்தரவில்லை. பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு ஈரச் சாக்கால் துடைத்தேன். அத்தா தூரத்தில், காற்று வருகிற பக்கமாக உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்வார்.

"டேய், வயித்துக்குக் கீழ தொடச்சியா? அத இன்னா உன் மாமனாரு வந்து தொடைப்பானா?"

பெட்டி மேல் ஏறி நின்று சேணம் பூட்டுவேன். எல்லாம் முடிந்தபிறகு அத்தா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து லகானைப் பிடிப்பார். ராத்திரியில் உட்கார்ந்தபடியே தூங்கியவர், மெல்ல மெல்லப் படுத்துத் தூங்க ஆரம்பித்தார். "இன்னா பாய், புள்ளதான் மொதலாளி, நீ டிரைவரு போல கீது" என்று ஸ்டேண்டில் கேலி செய்வார்கள். எனக்குத் தலை கால் புரியாது.

காலை ரயிலுக்கு வண்டி தயாராக வேண்டும். அதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். ஒருநாள் வாத்தியார் சைக்கிளில் வீட்டுக்கே வந்து விசாரித்தார்.

"அவனுக்குக் குதிரன்னா உசுரு சார். பெரியவன் படிக்கட்டும். இவன் இல்லாங்காட்டி எனக்குக் குதிர இல்ல" என்றார் அத்தா, என்னைப் பார்க்காமல்.

நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். வாத்தியார் என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவரிடம் இருப்பது வெறும் சைக்கிள்தானே, பொறாமைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் அண்ணனுக்குப் பாராட்டு விழா நடந்தது. காலேஜ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். "அந்த இழுப்போடு ஜட்கா ஓட்டி என்னைப் படிக்க வைத்தவர் எங்கள் அத்தா" என்றான். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அண்ணே, அத்தா ஓட்டினார், அதை நான் மறுக்கவில்லை. அவர் ஓட்டுவதற்கு ஒரு குதிரையை வைத்துக்கொடுத்தது யார்? அடுத்த தடவை மைக்கைப் பிடிக்கும்போது அதையும் சொல். என் பெயரைச் சொல்லியே சொல்.