இரவல் சேட்டு

மகன் கழற்றிப் போட்ட சேட்டில் புகைமணம். எங்கோ குப்பை எரித்த இடத்தில் நின்றிருக்கிறான். தோய்க்க எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வேலணையில் இருந்தோம். எங்கள் தீவின் பாதி ஆண்களைப் போல அப்பாவும் தெற்கே ஒரு சிங்கள ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். திருவிழாவுக்கு மட்டும் வருவார். சவர்க்காரமும் கருவாடும் கலந்த கடை மணம் அவருக்கு முன்னே படலை தாண்டி வரும். வாயைத் திறந்தால் கடைதான். "விடிய ஐஞ்சு மணிக்குத் திறந்திருக்கவேணும். மூண்டு நாள் பூட்டினால் சனம் மற்றக் கடைக்குப் பழகிடும்."

அந்த முறை திருவிழா இல்லாத மாதத்தில் வந்தார். கையில் பெட்டி இல்லை. உடம்பில் யாருடையதோ தொளதொளத்த சேட்டு, அதில் புகைமணம். தமிழருக்கு எதிரான கலவரத்தில் தன்னை வீட்டில் ஒளித்துவைத்த பக்கத்துக் கடைச் சிங்களவர் கொடுத்தது என்றார். கடையின் கூரை எரிந்துவிட்டதாம். அம்மா சேட்டை மூன்று தரம் தோய்த்தாள். மணம் போகவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் அப்பாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. "சுவர் நிக்குது. கூரையைப் போட்டால் திறக்கலாம். இனியும் பூட்டி வைக்க ஏலாது."

புறப்படும் நாளில், மடித்த சேட்டைப் புதுப் பெட்டியில் மேலாக வைத்தார். "போன உடனை அந்த மனுசனிட்டைக் குடுக்கவேணும்."

அம்மா குரலை உயர்த்தவில்லை. "குடுத்திடாதேங்கோ. இன்னொருக்காத் தேவைப்படும்."

அப்பா சேட்டை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்தார்.