வெள்ளைத் துணி நனைத்துப் பார்த்த ஆறு

"நம்ம ஆத்துல எப்பங்கம்மா கால் வெக்கறது?"

என் மகள் இப்படிக் கேட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்கள் வீடு. கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. டவுன் பஸ் நொய்யல் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் மகள் ஜன்னல் வழியே பார்த்து, "இன்னிக்கு மெரூன்", "இன்னிக்கு நேவி புளூ" என்று சொல்லிக்கொண்டு வருவாள். அன்றன்று பட்டறைகளில் எந்தச் சாயம் ஓடுகிறதோ அதுதான் ஆற்றின் நிறம். எங்கே இறங்கிவிடுவாளோ என்ற பயத்தில், அந்தத் தண்ணீர் பட்டால் கால் வெந்துவிடும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். பிள்ளையை அப்படிப் பயமுறுத்தியிருக்க வேண்டாமோ என்று அப்புறம் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பள்ளியில் ஆறு வரையச் சொன்னபோது அவள் ஊதா நிறம் அடித்தாள். மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, பாப்பாவுக்குக் கண்ணுல ஏதாச்சும் கொறை இருக்குமுங்களா? எதுக்கும் டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிருங்க."

பதறிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கணவர் சிரித்தார். "கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பாத்தத வரஞ்சிருக்குது. வேற ஆறு நாம எப்பக் காட்டுனோம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினோம்.

திருப்பூரில் பனியனைத் தவிரப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பல்லடம் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு மேலே காற்றாலைகள் நிதானமாகச் சுற்றுவதைப் பார்த்தபோது, இத்தனை பக்கத்தில் இருந்தும் வராமல் போனோமே என்று இருந்தது. உடுமலையில் பஸ் மாறி முதலில் அமராவதி முதலைப் பண்ணைக்குப் போனோம். மகள் சுவரில் தொற்றிக்கொண்டு நகர மறுத்தாள்.

"அது ஏனுங்கப்பா வாயத் தொறந்துட்டே கெடக்குது?"

"உங்கம்மா பேச்சக் கேக்க ஆரம்பிச்சுது. இன்னும் மூட முடியல."

"பேசறது நீங்க, பேரு மட்டும் எனக்குங்களா?" என்றேன்.

மதியத்துக்கு மேல் திருமூர்த்திமலை. அங்கே பெரும்பாறையே சாமியாக நிற்கிறது. கோயிலை ஒட்டியே மலையிலிருந்து தண்ணீர் இறங்கி ஓடுகிறது. அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. இதற்காகத்தானே வந்தோம் என்று மகளைத் திரும்பிப் பார்த்தால், அவள் தூரத்திலேயே நின்றிருந்தாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைன்னு கலர் உடலீங்களா?"

"இங்க பட்டறையே கெடையாது சாமி," என்றார் கணவர்.

"கால் வெந்துரும். அம்மா சொன்னாங்க."

நான் சொன்னதை நானே மாற்ற வேண்டியிருந்தது. பாறை வழுக்குமோ என்ற பயம் இருந்தாலும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். காலைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். உள்ளங்காலை உற்றுப் பார்த்தாள்.

"ஊட்டுக்குப் போனதும் வெந்துருமுங்களா?"

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த தெக்கத்திக்காரப் பெண் ஒருத்தி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏ தாயி, தண்ணிக்கா பயப்படுதே?"

"மொதலையப் பாத்துப் பயப்படாத புள்ளைங்க இது," என்றார் என் கணவர்.

பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளை பனியன் துணியை எடுத்தார். எங்கள் ஊரில் கைக்குட்டைக்குப் பதில் எல்லோரிடமும் இருக்கும், பனியன் வெட்டியதில் மிஞ்சிய வேஸ்ட் துணிதான். சாயம் போட்ட துணியில் நிறம் விடுகிறதா என்று பார்க்க, பட்டறையில் வெள்ளைத் துணியை நனைத்து அதன்மேல் தேய்ப்பார்கள். அதேபோல் அவர் துணியை ஆற்றில் முக்கி, பாறையில் தேய்த்து, பிழிந்து, அவள் கையில் விரித்தார். மகள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பாஸ்," என்றாள். வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டாவிட்டால் பட்டறையில் அப்படிச் சொல்வார்கள்; அப்பாவிடம் கேட்டுப் பழகிய வார்த்தை.

அப்புறம் அவளைத் தண்ணீரிலிருந்து வெளியே இழுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கழுத்துவரை நனைந்து, பல் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டே சிரித்தாள். சளி பிடிக்குமே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று பஸ்ஸில் யோசித்தேன்.

திரும்பி வந்து டவுன் பஸ்ஸில் ஏறினோம். பாலம் வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"அந்தத் துணியக் குடுங்கப்பா. நம்ம ஆத்தையும் நனைச்சுப் பாக்கலாம்."

அவர் பாக்கெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். "ஈரமா இருக்குது கண்ணு."

"பாஸ் ஆனா எறங்கலாமல்லங்க?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டாள். "நீ பெரியவளானதும்," என்றேன். சொன்ன உடனேயே தப்புச் செய்துவிட்டேனோ என்று தோன்றியது. இப்போது ஒவ்வொரு முறை பாலம் தாண்டும்போதும், "நான் பெரியவளாயிட்டனுங்களா?" என்கிறாள். ஒருநாள் தானாகவே முடிவு செய்து இறங்கிவிட்டால்?

வெந்துவிடும் என்று மறுபடி சொன்னால் நம்பமாட்டாள். அப்பா வேலை செய்யும் பட்டறைகளின் தண்ணீர் அது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் சோறு அங்கிருந்துதான் வருகிறது. இப்படி ஒரு ஆற்றின் ஓரம் பிள்ளை வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள். அவளைத் தண்ணீருக்குப் பயப்பட வைக்காமல், அவள் அப்பாவையும் குறைத்துப் பேசாமல், எப்படிச் சொல்வது?