கதவக்காவின் பைப் பட்டை

விமான நிலையத்தில் ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஓட்டுநரில்லாத ரயில்கள் நான்கு. ஓட்டுநர் இல்லை என்பதால் மனிதரே தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவற்றின் கதவுகளுக்கென்றே ஓர் ஆள் உண்டு. பணிமனையில் எல்லோருக்கும் அவள் கதவக்கா. வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைக்கூட மூன்று தடவை மூடிப் பார்ப்பாள் என்று அவள் கணவர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அது பொய். இரண்டு தடவைதான்.

முதலில் அவள் அங்கே சேர்ந்தது அதே ரயில்களைத் துடைக்கத்தான். கதவோரத்து ரப்பரைத் துடைத்துத் துடைத்தே எது தளர்ந்தது, எது இறுகியது என்று விரலுக்குத் தெரிந்துபோயிற்று. டெக்னீஷியன் தேர்வு எழுதினாள். இரண்டு முறை தோற்றாள். போதும் விடு என்றார்கள் வீட்டில். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று மூன்றாம் முறையும் எழுதினாள். நகர்ந்தது.

கதவைச் சோதிக்க ஒரு மரக்கட்டை கொடுத்திருந்தார்கள், இரண்டு விரல் தடிமன். மூடும் கதவுக்கு நடுவே அதைப் பிடிக்க வேண்டும். கதவு கட்டையை உணர்ந்து திறந்துகொண்டால் தேர்ச்சி, தாளில் கையெழுத்து. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அவளும் அப்படித்தான் போட்டாள். அன்று மதியம் அதே கதவில் ஒரு பெரியவரின் தோள்பைப் பட்டை சிக்கியது. பட்டை மெலிது, கதவுக்கு அது தெரியவே இல்லை. ரயில் கிளம்பிவிட்டது. யாரோ ஓடிப்போய் அவசரப் பொத்தானை அழுத்துவதற்குள் பெரியவர் நாலு எட்டு இழுபட்டு, தோள் மூட்டு நழுவிப்போயிற்று.

கட்டைச் சோதனை சரியாக நடந்திருக்கிறது, யார்மேலும் தப்பில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யாராவது நன்றாகத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று, தன் பழைய கைப்பையின் பட்டையை வெட்டி எடுத்தாள். அன்றிலிருந்து கட்டைக்குப் பிறகு பட்டை. ஒவ்வொரு கதவிலும் அதைக் கொடுத்து மூடவிட்டு இழுத்துப் பார்ப்பாள். உருவிக்கொண்டு வந்தால்தான் பேனாவைத் தொடுவாள்.

ஆறு வருஷம் கழித்து ஒரு காலையில், நாலாம் ரயிலின் இரண்டாவது கதவு பட்டையை விடவில்லை. முந்தின நாள்தான் அதற்குப் புது ரப்பர் மாற்றியிருந்தார்கள். அது குரங்குப்பிடியாகப் பிடித்துக்கொண்டது. அப்படியும் மேலே பச்சை விளக்கு எரிந்தது. கிளம்பலாம் என்று அர்த்தம்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவரில்லை, அவசரக்காரர். மதியம் ஏழு விமானம் ஒன்றாக வந்து இறங்கும், மூன்று ரயிலை வைத்துக்கொண்டு மாரடித்தால் வரிசை படிக்கட்டில் இறங்கிவிடும் என்றார். கட்டை தேறியதா என்று கேட்டார். தேறியது என்றாள். பிறகென்ன, பட்டையைப் பற்றி விதியில் ஒரு வரிகூடக் கிடையாதே, நீ பிடித்த முயலுக்கு மூன்றே காலா என்று எரிந்துவிழுந்தார். அவள் போடாவிட்டால் தானே போடுவதாகத் தாளைப் பிடுங்கிக்கொண்டார். அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது.

அவர் போட்டுவிட்டால் அரை மணியில் அந்த ரயில் கூட்டத்துக்கு நடுவே போய் நிற்கும்.

"போடுங்க சார், நான் தடுக்கல. ஒரே ஒரு தடவ பயணி மாதிரி அந்தக் கதவு முன்னாடி வந்து நில்லுங்க. அப்புறம் போடுங்க."

தொல்லை விட்டால் சரி என்று வந்தார். ரயிலை நகர்த்தும் மின்சாரத்தை அவள் நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். கதவு மட்டும் வேலை செய்யும். அவர் கழுத்தில் அடையாள அட்டை நாடாவில் தொங்கியது. அதை மட்டும் உள்ளே விடச் சொன்னாள். கதவு மூடியது. அட்டை உள்ளே, அவர் வெளியே, நடுவில் நாடா.

அவர் பின்வாங்கினார், கழுத்து வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். பக்கத்தில் வேலையாக இருந்த இருவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்கள்.

"கதவத் திறம்மா," என்றார்.

"திறக்கறேன் சார். மேல மட்டும் ஒரு தடவ பாருங்க. பச்சை. இந்நேரம் வண்டி கிளம்பியிருக்கும்."

அவர் பார்த்தார். அவள் திறந்தாள். கழுத்தைத் தடவிக்கொண்டே தாளை விரித்தார். பிறகு கையெழுத்துக் கட்டத்தை விட்டுவிட்டு, அதன் கீழே 'ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டது' என்று எழுதினார். அந்தப் பட்டையின் அகலம் எவ்வளவு என்று கேட்டார். விதியில் சேர்க்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுத வேண்டுமாம்.

மதியம் வரிசை உண்மையிலேயே படிக்கட்டில் இறங்கியது. கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் பணிமனை ஆட்களையும் நடைமேடைக்கு அனுப்பினார்கள். சீருடையில் நின்ற கதவக்காவுக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. இருபது நிமிஷமாக நிற்கிறேன், ஒரு ரயிலைச் சும்மா நிறுத்தி வைத்திருக்கிறீர்களாமே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா என்று ஓர் அம்மாள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். அவருடைய தோள்பையின் நீளப் பட்டை முழங்கால்வரை தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

கதவக்காவுக்குக் கோபமே வரவில்லை. ஆறு வருஷமாக யாரும் திட்டாத திட்டு அது.

"நல்லாத் திட்டுங்கம்மா, கேட்டுக்கறேன். ஆனா அந்தப் பட்டையக் கையில சுருட்டிப் பிடிச்சுக்கிட்டுத் திட்டுங்க."

அந்த அம்மாள் திட்டிக்கொண்டே சுருட்டிக்கொண்டார்.