வயிறு நிறைந்த ராஜாளி

காலேஜில் சேர்ந்த புதிதில் எனக்குப் பதினாறாம் நூற்றாண்டுப் பித்து. டில்லி பாதுஷாக்களும் சீமைப் பிரபுக்களும் ராஜாளியைக் கையில் ஏந்தி வேட்டைக்குப் போன கதைகளாகத் தேடித் தேடிப் படித்தேன். அந்த ஆட்டம் ராயபுரத்தில், எங்கள் தெருக்கோடி ஜமீன் பங்களாவிலேயே இன்னும் நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் சும்மா இருப்பேனா? ஓடினேன்.

பங்களாக் கொல்லையில் ஒரு கொட்டகை. ராஜாளியைப் பழக்கும் பாய் தம் மனைவியோடு அதில்தான் குடியிருந்தார். வேட்டைப் பிரியரான பெரிய ஜமீன்தார் அப்போதுதான் செத்திருந்தார். அவர் மகன் சின்னவருக்கோ பறவை தண்டச்செலவு. எண்ணூர் உப்பளத்தில் அது ஒரு நாரையை அடித்துக் காட்டினால் பாய்க்கு வேலையும் கொட்டகையும் நிலைக்கும், இல்லாவிட்டால் இரண்டும் போகும் என்று சொல்லிவிட்டார்.

வேட்டைக்கு முந்தின சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போது சின்னவர் கொட்டகைக்கு வந்தார். கண்ணை மறைக்கும் தோல் குல்லாவோடு ராஜாளி கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. பறக்கவிடுவதற்கு முன் அதைப் பட்டினி போடுவது வழக்கம். பசி இருந்தால்தான் வேட்டையாடும், கைக்கும் திரும்பும்.

"என்னய்யா, நெஞ்செலும்பு தெரியுது? என் கறியெல்லாம் உன் வீட்டுச் சட்டியில வேகுதா?"

பாயின் முகம் கறுத்தது. இருந்த கறி முழுவதையும் எடுத்துவந்து, சின்னவர் கண்ணெதிரிலேயே துண்டு துண்டாக ஊட்டினார். பறவையின் தொண்டை புடைத்தது.

"பாத்துக்கோ தொரே. நான் துன்றவன் இல்லே."

சின்னவர் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "இன்னாய்யா பண்ணி வச்சே? நாளிக்கி அது பறக்குமா?"

"திருடன்னு கேட்டுகினு நிக்கச் சொல்றியா?"

"ரோசம் வூடு குடுக்குமா?"

காலையில் நானும் கூடப் போனேன். உப்பளத்தில் பாய் கெஞ்சிப் பார்த்தார். "ரெண்டு நாள் போவட்டும் தொரே."

"சாக்கு சொல்லாதே. விடு."

விட்டார். நாரை பாத்தியில் நின்றபடியே நின்றது. ராஜாளி அதைத் திரும்பியும் பார்க்காமல் தந்திக் கம்பத்தில் அமர்ந்து இறகு கோதியது. பாய் கறி கட்டிய தோலைச் சுழற்றிச் சுழற்றிக் கூப்பிட்டார். அது சாவகாசமாக எழும்பி, காலில் கட்டிய மணி கிணுகிணுக்கக் கடல் பக்கம் போயே போய்விட்டது.

"கொட்டகையை இன்னிக்கே காலி பண்ணிடு." சின்னவரின் மோட்டார் கிளம்பிவிட்டது.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பாதுஷா காலத்திலும் இப்படிப் போயிருக்கும், பாய்" என்றேன்.

"கூடவே தலயும் போயிருக்கும், தம்பி. அத்த புக்குல போட்டுக்கீறானா?"

மத்தியானம் மனைவி ரயிலேறி வந்து சேர்ந்தாள். பாய் இன்னும் வரப்பில் குந்திக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எயுந்து வாய்யா. சட்டி பானையெல்லாம் தெருவுல கீது."

"இரு. நாளிக்கி அதுக்குப் பசிக்கும். வரும்."

"நமக்கு இன்னிக்கே பசிக்குதுய்யா."

அவர் எழவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவளும் உப்பு வரப்பில் உட்கார்ந்தாள்.