வெளியே பூட்டிய கதவு

என் அக்கா மகனை இந்தத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூட்டுக்காரன்தான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. சாவி வெட்டும் மெஷின், அரம், எண்ணெய்க் குப்பி, கம்பியில் கோத்துத் தொங்கும் வெட்டாத சாவிகள். அக்கம்பக்கத்தில் பாதி வீட்டுச் சாவி அவன் வெட்டியது. தன் வீட்டுக்கு மட்டும் ஒரே சாவி. அது அவன் சட்டைப் பையை விட்டு இறங்காது.

காரணம் அவன் அம்மா, அதாவது என் அக்கா. அவளுக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது.

"நீ யாரு பொண்ணு?" என்று என்னைக் கேட்பாள்.

"உங்கப்பா பொண்ணுதான்."

"அப்ப நமக்கு ஒரே அப்பாவா!" என்று வாயைப் பிளப்பாள்.

சிரிப்புதான். ஆனால் கதவு திறந்திருந்தால் இறங்கிப் போய்விடுவாள். ஒருமுறை லாரிகள் போகும் சாலை நடுவில் நின்றவளை யாரோ கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அன்றைக்கே அவன் கதவின் வெளிப்புறத்தில் ஒரு பூட்டைப் பொருத்தினான். கடப்பாரைக்கும் அசையாத பூட்டு என்று பெருமை வேறு. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. காலையில் பூட்டுவான், மதியம் வந்து சோறு ஊட்டுவான், மறுபடியும் பூட்டுவான். கட்டியவள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகளும் இல்லை. கீழ்வீட்டில் நான் இருக்கிறேன், ஆனால் என் முட்டி ஒரு மாடி ஏறினால் இறங்க ஆள் கேட்கும்.

ஒருநாள் மதியம் அவன் கதவைத் திறந்தபோது வீடெல்லாம் புகை. காலிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துப் பற்ற வைத்திருக்கிறாள். திரைச்சீலையின் ஓரம் எரிந்து, அதுவாக அணைந்திருக்கிறது. அதன் அடியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாளாம்.

"சித்தி, இன்னும் கொஞ்சம் எரிஞ்சிருந்தா, நான் பூட்டின கதவுக்குள்ள..." என்றான். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

வெளியூரில் இருக்கும் அவன் அக்காவுக்கு இங்கிருந்தே போன் போட்டான்.

"கடையை மூடிட்டு அம்மா பக்கத்துல உட்காருடா" என்றாள் அவள்.

"உட்காரலாம்க்கா. குளிப்பாட்டறது யாரு? கிட்ட போனாலே யாரோ ஆம்பளை வந்துட்டான்னு துணியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அலறுறாங்க. பொம்பளை ஆள் ஒருத்தியை வைக்கலாம்னு பார்க்கறேன்."

"அதுக்காக முன்னப்பின்ன தெரியாதவளை உள்ள விடுவியா? தூக்க மாத்திரையைக் கொடுத்துப் படுக்கப் போட்டுட்டு டிவி பார்ப்பா. அடிச்சாக்கூட அம்மாவுக்குச் சொல்லத் தெரியுமா?"

"அப்ப நீ வந்து இரு."

"என் மாமியாரை உங்க மாமாவா பார்ப்பாரு? அவருக்கு அவர் செருப்பையே தேடத் தெரியாது."

அவள் வரவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தில் சொல்லி வைத்தான். வந்தவள் நாற்பது வயதுக்காரி, முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளப் படித்தவள். அவளைக் கண்டதும் என் அக்கா எழுந்து நின்றாள்.

"வணக்கம் டீச்சர். வீட்டுப்பாடம் செய்யலை டீச்சர்."

"பரவாயில்லைம்மா. முதல்ல குளிச்சுட்டு வந்துடலாம், அப்புறம் செய்யலாம்."

மறுபேச்சில்லாமல் பின்னாலேயே போனாள். எங்கள் எல்லாருக்கும் அவள் டீச்சராகிவிட்டாள்.

ஆனால் பூட்டுக்காரனுக்குச் சந்தேகம் ரத்தத்தில் வந்தது. எங்கள் அத்தை ஒருத்தி கடுகு டப்பாவைக்கூடப் பூட்டி வைத்தவள். டீச்சர் வந்த முதல் நாளே, எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவன், கதவைச் சாத்தி, சத்தமில்லாமல் சாவியைத் திருப்பிவிட்டுக் கடைக்குப் போனான்.

மதியத்துக்குள் மாடியில் கதவு தட்டும் சத்தம். உள்ளேயிருந்து தட்டுகிறார்கள். சுவரைப் பிடித்து நான் ஏறினேன்.

"யாரு வெளியே? பூட்டியிருக்கு! திறங்க!" டீச்சரின் குரல். "ஆப்பிள் துண்டு தொண்டையில சிக்கிடுச்சு. எடுத்துட்டேன். ஆனா உதடு நீலமாவே இருக்கு. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன், கடையில இருக்கிற அண்ணனுக்கும் சொல்லிட்டேன்."

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்து நின்றார்கள். இரும்புக் கம்பியால் நெம்பினார்கள். பூட்டு அசையவில்லை. உள்ளே டீச்சர் "அம்மா, கண்ணைத் திறங்க, என்னைப் பாருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அக்காவின் குரல் வரவில்லை. இந்தப் பூட்டைப் போட்டவன் கை விளங்காமல் போகட்டும் என்று என் வாயே சொல்லிவிட்டது.

அவன் படிகளைத் தாவி ஏறி வந்தான். சாவி துவாரத்தில் நுழையவில்லை. கை அப்படி ஆடியது. ஊருக்கே பூட்டுத் திறப்பவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி, ஆம்புலன்ஸ் டிரைவர்தான் திறந்தான்.

பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தபோது அவன் போன் அடித்தது. கதவு பூட்டியிருந்த சேதியைத் தெருவில் யாரோ அவன் அக்காவுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் குரல் எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

"நான் சொன்னேன்ல! வெளியாளை விட்டா இப்படித்தான். கதவைச் சாத்திக்கிட்டு என்னடா பண்ணினா அவ?"

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆமாம்' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் பழி அவள் தலையில் இறங்கிவிடும்.

"நான்தான்க்கா பூட்டினேன். அவங்க இல்லைன்னா அம்மா இல்லை" என்று சொல்லிப் போனை வைத்தான்.

"மறந்து பூட்டிட்டீங்களாண்ணே?" என்றாள் டீச்சர்.

"மறக்கலைம்மா. அம்மாவை அப்படியே போட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு..."

"வீடு புகைஞ்ச கதையை நீங்கதானே சொன்னீங்க? இன்னிக்கு அடுப்பு பத்தியிருந்தா என் பிள்ளைங்க யார்கிட்ட போய் நிக்கும்?" அவள் குரல் அப்போதுதான் நடுங்கியது. "எனக்கு மட்டும் பயம் இருக்காதாண்ணே?"

உள்ளே கட்டிலிலிருந்து என் அக்கா "டீச்சர் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். டீச்சர் எழுந்து உள்ளே போனாள்.

"இங்கதாம்மா இருக்கேன்."

திரும்பி வந்து, "பூட்டு உள்பக்கம் வரணும். சாவி என் கழுத்துல இருக்கணும். அப்பதான் வருவேன்" என்றாள்.

அப்படியே செய்தான். பூட்டைக் கழற்றி உள்பக்கம் மாட்டினான். என் அக்கா வீடு திரும்பிய மறுநாள் சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனவன், போனை மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்று இரண்டு சாவியைத் தப்பாக வெட்டினான். மதியம் போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லையாம்.

"ஒண்ணுமில்லைண்ணே" என்றாள் டீச்சர். "அம்மா மாடிப்படியில உட்கார்ந்து காத்து வாங்கணும்னாங்க. கதவைத் திறந்து வச்சிருக்கேன். யாராவது பார்த்துச் சொல்லி நீங்க பதறிடக் கூடாதே!"

கதவு திறந்திருக்கிறது. அவன் கை தானாகச் சட்டைப் பையைத் துழாவியது. அங்கே ஒன்றுமில்லை.

"சரிம்மா" என்றான். எழுந்து செருப்பைக்கூட மாட்டிவிட்டான். பிறகு கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.