பரிசாக வந்த பாட்டில்

நீல நிற பாட்டில் அது. வயிற்றுப் பகுதியில் 'தண்ணீர் குடிப்போம், நலம் காப்போம்' என்று வெள்ளை எழுத்து. ஒரகடத்தில் காருக்கு ஒயர் பின்னும் ஆலையில் நாங்கள் வேலை பார்த்தபோது, உற்பத்தி லைனை விட்டு நகராத ஆபரேட்டர் என்று எங்களோடு ஒரே அறையில் தங்கியிருந்த அக்காவை மேடையேற்றி அதைக் கொடுத்தார்கள். ஷிப்டு முழுக்க ஒரு மடக்குகூடக் குடிக்காதவளுக்குத் தண்ணீர் பாட்டில் பரிசு! அந்தக் கூத்துக்கு நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரே அறையில் தெற்கத்திப் பெண்கள் அடைந்து கிடந்தோம். எல்லோருமே காண்டிராக்ட். லைன் ஓடும்போது ஒருத்தி கழிவறைக்குப் போகவேண்டுமென்றால் அவள் இடத்தில் நிற்க மாற்று ஆள் வரவேண்டும். முழு லைனுக்கும் மாற்று ஆள் ஒருத்திதான். கை தூக்கினால் சூப்பர்வைசர், "இன்னாம்மா, இப்பத்தான போய்கினு வந்த? உன் வூடா இது?" என்று ஆண்கள் காதிலும் விழுகிற மாதிரி கேட்பார். மானம் போகும். அதனால் கையே தூக்காமலிருக்க ஒரு வழி வைத்திருந்தோம். கம்பெனி பஸ் ஏறுவதற்கு வெகுநேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவோம். சாப்பாட்டு நேரத்தில் வாயைக் கொப்பளித்துத் துப்புவோம். நாக்கு ஒட்டிக்கொண்டால் புளிப்பு மிட்டாய். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து வந்த அக்கா இதில் எங்கள் எல்லோரையும் மிஞ்சினாள். "ஊருக்கெல்லாம் நாப்பது நாளுதாம்ட்டி தவக்காலம், எனக்கு வருசம் பூரா" என்று சிரிப்பாள். இப்படியே இருந்தால் நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று நம்பினாள். பாட்டில் கிடைத்ததும் அந்த நம்பிக்கை உறுதியாகிவிட்டது, பாவி மகளுக்கு.

நீர்க்கடுப்பு எங்கள் அறையில் எல்லோருக்கும் வந்துபோகும். அக்காவுக்கு வந்தது போகவில்லை. ஆலையின் முதலுதவி அறையில் வலி மாத்திரையைக் கையில் கொட்டி, "தண்ணி நெறைய குடிம்மா" என்று அனுப்புவார்கள். அந்த மாத்திரையையும் அவள் எச்சிலோடுதான் விழுங்கினாள். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் லீவு வேண்டும். லீவு போட்டால் நிரந்தரம் கனவுதான். மாதக்கணக்கில் மாத்திரையிலேயே ஓட்டினாள். ஒருநாள் காய்ச்சலில் முகம் வீங்கி லைனில் சரிந்தபோது, "ரெஸ்ட் எடுத்துக்கினு வாம்மா, கூப்புடறோம்" என்றார் காண்டிராக்டரின் ஆள். கூப்பிடவே இல்லை. வேலை போனது, கொஞ்ச நாளில் இ.எஸ்.ஐ. காப்பீட்டு அட்டையும் செல்லாமல் போனது. ஊரில் பார்த்த டாக்டர் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்.

இப்போது அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்கிறார்கள். நன்றி சொல்லவேண்டும்தான், எனக்கு வயிறுதான் எரிகிறது. இவ்வளவு பெரிய இயந்திரம் வாங்கிப் போட மனசு வந்த அரசுக்கு, லைனுக்கு இன்னொரு மாற்று ஆளைப் போடு என்று ஆலையை அதட்ட வாய் வரவில்லை. அதே ஆலையில் மேலாளரின் அறைக்குள்ளேயே கழிவறை இருந்தது. அவர் யாரிடமும் கை தூக்கவேண்டியதில்லை. மேசையில் தண்ணீர் தீரத் தீர வைக்க ஓர் ஆள் வேறு.

போன மாதம் ஊருக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். ஜன்னலில் அதே நீல பாட்டில். பாதி உயரத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு. குடிப்பது வெளியேறாது என்பதால் ஒரு நாளைக்கு அந்தக் கோடு வரைதான் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பது டாக்டரின் உத்தரவாம். எனக்குப் பெரிய செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் குடிப்பதைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவள் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் ஊற்றி, நெடுநேரம் கொப்பளித்து, வாசலில் துப்பினாள்.

"அப்பமே பழகுனது நல்லதாப் போச்சு, பாத்தியாட்டி" என்று சொல்லி மூடியைத் திருகினாள்.